சர்டிபிகேட் ஃபைல்ல இருக்கு, கைக்கு எப்ப வரும்?

போன வாரம் ஒரு மாக் டிரில் (நிஜம் மாதிரி ஒத்திகை) வெச்சோம். வார்டுல ஒரு காலி பெட்ல மானிக்வினை (பயிற்சிக்கான ஆள் பொம்மை) படுக்க வெச்சு, யாருக்கும் முன்கூட்டி சொல்லாம, "பேஷன்ட் பேச்சுமூச்சில்லாம கிடக்கார்"னு குரல் குடுத்துட்டு ஸ்டாப்வாட்ச்சோட ஓரமா நின்னுக்கிட்டேன். ஓடி வந்தவங்க ஆறு பேர். ஆறு பேர்கிட்டயும் பி.எல்.எஸ் (இதயம் நின்னுபோனா நெஞ்சை அழுத்தி, மூச்சு குடுத்து உயிரைக் காப்பாத்தற பயிற்சி) சர்டிபிகேட் இருக்கு, அதுல நாலு பேரோடதுல பயிற்சி குடுத்தவளா கையெழுத்து என்னோடது. முதல் கம்ப்ரஷன், அதாவது முதல் அழுத்தம், நெஞ்சுல விழ 1 நிமிஷம் 20 செகண்ட் ஆச்சு. ஒருத்தர் பல்ஸ் தேடுறார், தேடுறார், தேடிக்கிட்டே இருக்கார் (10 செகண்டுக்கு மேல தேடாதீங்கன்னு எத்தனை கிளாஸ்ல தொண்டை தண்ணி வத்த சொல்லியிருப்பேன்), இன்னொருத்தர் பிபி கஃப் சுத்துறார், ஒரு பொண்ணு, பாவம், சீனியருக்கு போன் போட்டுக்கிட்டே இருக்கா. கடைசில அழுத்த ஆரம்பிச்ச தம்பிக்கு முழங்கை மடங்கி நிக்குது. பெட் உயரம், ஸ்டூல் போட்டு ஏறணும்னு ஒருத்தருக்கும் தோணல. மானிக்வின்ல, சரியா அழுத்தினா பச்சையா எரியற லைட் ஒரு தடவைகூட பச்சைக்கு வரல.

முடிஞ்சதும் அந்தத் தம்பிய தனியா கூப்பிட்டு என்னப்பா ஆச்சுன்னு கேட்டேன். "எல்லாம் தெரியும் மேடம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100லருந்து 120, ஆழம் 5லருந்து 6 சென்டிமீட்டர், நெஞ்சு முழுசா மேல வரணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாத்தணும்"னு மூச்சு விடாம ஒப்பிக்கிறான். ஒண்ணுகூட தப்பில்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சல். இந்த வருஷத்துல இது மூணாவது டிரில், மூணுலயும் இதே கதை, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

நம்ம ஆளுங்க மனசுல ஒரு நம்பிக்கை ஆழமா உக்காந்திருக்கு: போய் உக்காந்து கேட்டாச்சுன்னா வந்துடும். வொர்க்‌ஷாப் முடிஞ்சு வெளிய வரும்போது "சூப்பர் மேடம், தெளிவா புரிஞ்சுது"ம்பாங்க. புரிஞ்சிருக்கும், நான் மறுக்கல. ஆனா புரியறது வேற, ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் வர்றது வேற, ராத்திரி மூணு மணிக்கு கை தானா அந்த இடத்துக்குப் போறது முழுக்க வேற. ஜார்ஜ் மில்லர்னு ஒருத்தர் 1990லயே இத நாலு படியா பிரிச்சு வெச்சுட்டார்: தெரியும், எப்படி செய்யணும்னு தெரியும், செஞ்சு காட்டுவான், நிஜத்துல செய்வான். மருத்துவக் கல்வி பத்தி எந்த மீட்டிங் நடந்தாலும் அந்தப் பிரமிடு படம் ஒரு ஸ்லைடுல வந்துடும், எல்லாரும் தலையாட்டுவோம், அப்புறம் முதல் படில நிக்கறவனுக்கே சர்டிபிகேட்டைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவோம். நான் உட்பட.

"ஸ்பீக்கர் நல்லா பேசினார், அதனால நல்லா கத்துக்கிட்டேன்"ங்கறதும் இதே வகைதான். இதுக்கு ஒரு பழைய சோதனை உண்டு, அமெரிக்காவுல செஞ்சது, 1973ல பேப்பரா வந்தது. ஒரு நடிகரை "டாக்டர் ஃபாக்ஸ்"னு பேர் குடுத்து, பெரிய நிபுணர்னு அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள் உட்பட நல்லா படிச்சவங்க முன்னாடி பேச விட்டாங்க. அவருக்கு சப்ஜெக்ட்டே தெரியாது. முன்னுக்குப் பின் முரணா, சம்பந்தமில்லாம, ஆனா கலகலன்னு ஜோக்கடிச்சு பேசுங்கன்னு மட்டும் சொல்லிக் குடுத்திருந்தாங்க. கேட்டவங்க நல்லா மார்க் போட்டாங்க, அவரோட கட்டுரைய ஏற்கெனவே படிச்சிருக்கேன்னுகூட ஒருத்தர் சொன்னார்! நம்ம ஃபீட்பேக் ஃபார்ம்ல வரிசையா விழற "எக்ஸலன்ட்" டிக் எல்லாத்தையும் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். எனக்கு விழற டிக்கும் இதுல சேர்த்திதான்.

இன்னொண்ணு, ஹார்வர்டுல பிசிக்ஸ் வகுப்புல பார்த்தது, 2019ல பேப்பரா வந்தது. ஒரு குரூப்புக்கு அருமையான லெக்சர், இன்னொரு குரூப்பை தாங்களே மண்டைய உடைச்சு கணக்கு போட விட்டாங்க. லெக்சர் கேட்டவங்கதான் நிறைய கத்துக்கிட்டதா நினைச்சாங்க, டெஸ்ட் வெச்சா கஷ்டப்பட்டவங்கதான் அதிக மார்க். கத்துக்கும்போது தடுமாறினா நமக்கு வரலேன்னு நினைச்சுக்கறோம், ஆனா அந்தத் தடுமாற்றத்துலதான் விஷயம் உள்ள இறங்குது. மானிக்வின் பக்கத்துல வெக்கப்பட்டு பின்னாடி நழுவற பிள்ளைங்களுக்கு இத எப்படிப் புரிய வெக்கறதுன்னுதான் தெரியல. தப்பு பண்ணத்தானப்பா பொம்மை வெச்சிருக்கோம், அதுக்கு விலா எலும்பு ஒடிஞ்சா கேஸ் போடாது.

நடத்தறவங்களுக்கும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. போன தடவை நான் கெஸ்ட் ஃபேகல்ட்டியா போன ஒரு "ஹேண்ட்ஸ் ஆன்" வொர்க்‌ஷாப்புல 60 பேர், மானிக்வின் ரெண்டு. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரைன்னு முக்கால் மணி நேரம் போச்சு. கடைசில பிராக்டிஸுக்கு மிஞ்சினது ஒரு மணி நேரம், கணக்குப் போட்டா ஆளுக்கு ரெண்டு நிமிஷம், அதுல பாதி வாட்ச்ச கழட்டறதுக்கும் முட்டி போடறதுக்குமே போயிடும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கணக்குல ஒரு மானிக்வினுக்கு அதிகபட்சம் மூணு பேர், ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ஆறு பேர். அத்தனை ஆள் இல்லேன்னா பேட்ச்ச சின்னதாக்குங்க, இல்ல அதுக்கு கருத்தரங்குன்னே பேர் வைங்க. இப்படிப் பழகற முதல் மானிக்வினை உருவாக்கினவரே நார்வேல பொம்மை செஞ்சுக்கிட்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால்தான், 1960ல. தொட்டு அழுத்திப் பார்க்காம இது வராதுன்னு அவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, நாம இன்னும் அதை மேடையோரமா நிக்க வெச்சு போட்டோதான் எடுத்துக்கிட்டிருக்கோம்.

பிஜி (மருத்துவ மேற்படிப்பு) செமினார் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். ஸ்லைடுல இருக்கறத அப்படியே வாசிக்கறது, கேக்கறவங்க அத போன்ல போட்டோ எடுக்கறது. அந்த போட்டோவ திரும்பத் திறந்து பார்த்தவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க.

சரி, என்னதான் செய்யறது? சர்டிபிகேட் ரெண்டு வருஷம் செல்லும், ஆனா கைப்பழக்கம் மூணு மாசத்துலருந்து ஆறு மாசத்துக்குள்ள மங்கிடும். அதனால மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கில்ஸ் லேபுக்கு வாங்க, ரெண்டு நிமிஷம் அழுத்துங்க, வியர்க்கட்டும், போங்க. பேஷன்ட் மீன் மாதிரி வாயத் திறந்து திறந்து மூடினா அது மூச்சு இல்ல, காஸ்ப்பிங் (இதயம் நின்னப்புறம் வர்ற வெறும் திணறல்), உடனே அழுத்த ஆரம்பிங்க, இத மட்டும் தயவுசெஞ்சு மறந்துடாதீங்க. லெக்சர் கேட்டு வெளிய வந்ததும், நோட்ட மூடி வெச்சுட்டு, மூணு விஷயம் தாள்ல எழுதிப் பாருங்க, வரலேன்னா நீங்க கேட்டது கச்சேரி. பக்கத்துல இருக்கற ஜூனியருக்குச் சொல்லிக் குடுங்க, எங்க தடுக்குதோ அங்கதான் உங்களுக்கும் ஓட்டை. அட்டெண்டன்ஸ் ஷீட்ல ஃபிரெண்டுக்கு சேர்த்து கையெழுத்துப் போடறத நிறுத்துங்க, எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, எல்லாம் ஒரே மையில இருக்கு.

நானும் ஒண்ணு மாத்திக்கிட்டேன். இனிமே சர்டிபிகேட் அன்னிக்கே கிடையாது, மூணு மாசம் கழிச்சு வந்து லைட்ட பச்சையா எரிய வெச்சாதான் கையெழுத்து. போன பேட்ச்சுல இதுக்கே ஏகப்பட்ட முணுமுணுப்பு, ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் வேற. பரவால்ல. அந்தத் தம்பி இன்னும் வரல. பெட் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன், லேப் சாவி சிஸ்டர்கிட்ட இருக்கும், நைட் டியூட்டிலகூட வாங்கிக்கலாம். வாப்பா.