கோல் விழுந்தால் பெட்டியிலிருந்து யார் வெளியே வருவார்?

ஐஸ் ஹாக்கியில் ஒவ்வொரு அணியிலும் கோல்கீப்பரைத் தவிர ஐந்து பேர் பனித்தளத்தில் இருப்பார்கள். தவறு செய்தவர் தளத்தை விட்டு வெளியேறி, ஓரமாக இருக்கும் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார வேண்டும். சிறு தவறுக்கு மைனர் தண்டனை, 2 நிமிடம். கடுமையான தவறுக்கு மேஜர், 5 நிமிடம். அவர் இடத்துக்கு வேறு ஆளை இறக்க முடியாது. அதுவரை எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். இதைத்தான் பவர் பிளே என்கிறார்கள்.

பவர் பிளேயில் எதிரணி கோல் போட்டுவிட்டால், மைனர் தண்டனையில் இருப்பவர் நேரம் முடியும் முன்பே வெளியே வந்துவிடலாம். பெட்டியில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் இதில் குழப்பமே இல்லை. இரண்டு மூன்று பேர் இருந்தால்? "முதலில் உள்ளே போனவர்தான் வெளியே வருவார்" என்று பார்வையாளர்களில் பலர் சொல்வார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அனுபவமுள்ள நடுவரின் மனதில் ஓடும் கேள்வி வேறு: இந்த அணிக்கு இப்போது ஆள் குறைந்திருப்பது எந்தத் தண்டனையால்?

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக் விதிகளை வைத்தே இதை விளக்குகிறேன். மற்ற லீக்குகளில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு.

முதலில், கோல் விழுந்தால் விடுதலை என்ற விதி எப்படி வந்தது என்று பார்ப்போம். 1955 நவம்பர் 5 அன்று மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் ழான் பெலிவோ, பாஸ்டன் அணிக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 விநாடிக்குள் மூன்று கோல் போட்டார். அன்றைய விதிப்படி எத்தனை கோல் விழுந்தாலும் 2 நிமிடமும் முழுசாக உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தக் காலத்து மான்ட்ரியால் பவர் பிளே அவ்வளவு பலமானது. 1956-57 பருவத்தில் விதி மாறியது. ஒரு கோல் விழுந்தால் மைனர் தண்டனை முடிந்தது. மேஜருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எத்தனை கோல் விழுந்தாலும் 5 நிமிடமும் ஓடியே தீரும்.

இனி கணக்குக்கு வருவோம். கோல் வாங்கிய அணி சிவப்பு, போட்ட அணி நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு அணியில் ஒருவர் 2:00-ல் (அதாவது ஆட்டக் கடிகாரத்தில் 2 நிமிடம் 0 விநாடி) மேஜர் வாங்குகிறார், இன்னொருவர் 3:00-ல் மைனர் வாங்குகிறார். 3:40-ல் நீலம் கோல் போடுகிறது. இரண்டாவதாகப் போனவர்தான் வெளியே வருவார். மேஜர் கோலுக்கு அசையாது என்பதால் இது எளிது.

அடுத்தது கொஞ்சம் கடினம். 5:00-ல் இரு அணியிலும் ஆளுக்கு ஒருவர் தள்ளுமுள்ளு செய்து, ஒரே விசிலில் மைனர் வாங்குகிறார்கள். பெட்டியில் வேறு யாரும் இல்லை என்றால் ஆட்டம் நாலுக்கு நாலாக நடக்கும். 5:30-ல் சிவப்பு அணியில் இன்னொருவருக்கு மைனர். இப்போது சிவப்பில் மூன்று பேர், நீலத்தில் நாலு பேர். 6:10-ல் கோல். முதலில் போனவருக்கு இன்னும் 50 விநாடிதான் பாக்கி. ஆனாலும் அவர் வர மாட்டார். அவருடைய தண்டனைக்கு ஈடாக நீல அணியிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே சிவப்புக்கு ஆள் குறைந்ததற்கு அவர் காரணம் இல்லை. கடைசியாகப் போனவர்தான் காரணம், அவர்தான் வெளியே வருவார்.

இதே வீரர்களை வேறு வரிசையில் வைத்துப் பாருங்கள். சிவப்புக்கு 5:00-ல் மைனர், நீலத்துக்குத் தனியாக 5:30-ல் மைனர். தளத்தில் நாலுக்கு நாலு. 5:50-ல் நீலம் கோல் போட்டாலும் யாரும் வெளியே வர மாட்டார்கள். இந்த இரண்டும் ஒரே விசிலில் கொடுத்தவை அல்ல, ஆகவே ஒன்றுக்கொன்று ஈடு என்று சொல்ல முடியாது. ஆனால் கோல் விழுந்த நொடியில் சிவப்பு அணி எதிரணியைவிட எண்ணிக்கையில் குறைவாக இல்லை. விடுதலைக்கு இரண்டு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும்: அணிக்கு உண்மையிலேயே ஆள் குறைந்திருக்க வேண்டும், அதற்குக் காரணம் அந்த மைனராக இருக்க வேண்டும்.

ஈடான மைனர்களின் விதியே ஒரு காலத்தில் மாறி மாறி வந்தது. வேய்ன் கிரெட்ஸ்கி ஆடிய எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு, நாலுக்கு நாலு ஆட்டத்தின் திறந்த வெளி அல்வா மாதிரி. 1985-86-ல் லீக் அந்த வாய்ப்பை அடைத்தது: இரு அணியும் மாற்று ஆளை இறக்கி ஐந்துக்கு ஐந்தாகவே ஆடலாம் என்றது. 1992-93-ல் பழையபடி நாலுக்கு நாலு திரும்பியது. ஏற்கெனவே வேறு தண்டனை ஓடிக்கொண்டிருந்தால் இன்றும் மாற்று ஆள் உண்டு. அப்போது ஈடான மைனரில் இருப்பவர்கள் நேரம் முடிந்ததும் குதித்து வெளியே வர முடியாது. அடுத்த விசில் வரை காத்திருக்க வேண்டும்.

ஒரே வீரருக்கு மேஜரும் மைனரும் சேர்ந்து கிடைத்தால்? மேஜர்தான் முதலில் ஓடும். அந்த 5 நிமிடத்தில் விழும் கோல் எதையும் அழிக்காது, ஏனென்றால் மைனர் இன்னும் தொடங்கவே இல்லை. இரட்டை மைனர், அதாவது 4 நிமிடம் என்றால், முதல் 2 நிமிடத்துக்குள் விழும் கோல் முதல் பாதியை மட்டும் முடிக்கும். இரண்டாவது பாதி அந்த நொடியிலிருந்து முழு 2 நிமிடமாக ஆரம்பிக்கும்.

கையைத் தூக்கிக் காட்டும் தண்டனைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிவப்பு தவறு செய்யும்போது பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான வட்டு) நீலத்திடம் இருந்தால், நடுவர் கையை உயர்த்துவார், விசில் ஊத மாட்டார். தவறு செய்த அணியின் கைக்குப் பக் வரும்வரை ஆட்டம் தொடரும். சிவப்பு பக்கைப் பிடித்தாலே ஆட்டம் நின்றுவிடும் என்பதால், நீலம் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு ஆறாவது ஆளை இறக்கும். அந்த இடைவெளியில் நீலம் கோல் போட்டால் வரவிருந்த மைனர் ரத்து. ஆனால் சிவப்பு ஏற்கெனவே ஒரு மைனரால் ஆள் குறைந்திருந்தால் கதை வேறு. கோல் பழைய மைனரை முடிக்கும். புதியது ரத்தாகாது, அதற்குரியவர் பெட்டிக்குப் போவார். ஒரு கோலுக்கு ஒரு மைனர்தான் கழியும், அதுவும் ஆளைக் குறைத்தது எதுவோ அது. இன்னும் தொடங்காத தண்டனை யாரையும் குறைக்கவில்லையே!

கோல்கீப்பர் இல்லாத அந்த வலை ஆபத்தானதும்கூட. 1979 நவம்பர் 28 அன்று கொலராடோ ராக்கீஸ் வீரர் பின்னால் தள்ளிய பக், அவர்களுடைய காலி வலைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நியூயார்க் ஐலாண்டர்ஸ் தரப்பில் கடைசியாகப் பக்கைத் தொட்டவர் கோல்கீப்பர் பில்லி ஸ்மித். கோல் அவர் பெயரில் பதிவானது. என்ஹெச்எல்லில் கோல் கணக்கில் பெயர் ஏறிய முதல் கோல்கீப்பர் அவர்தான்.

ஆட்டத்தின் கடைசி 5 நிமிடம் வந்துவிட்டால் கணக்கு இன்னும் கூர்மையாகும். ஒரே விசிலில் சிவப்புக்கு மேஜர், நீலத்துக்கு மைனர். சாதாரணமாக முதல் 2 நிமிடம் நாலுக்கு நாலு, அப்புறம் நீலத்துக்கு 3 நிமிடப் பவர் பிளே. ஆனால் ஆட்டத்தில் 2 நிமிடம்தான் பாக்கி என்றால் அந்தப் பவர் பிளே வரவே வராது; பெரிய தவறு செய்த அணி தப்பித்துவிடும். அதனால் இந்தக் கட்டத்தில் இரண்டு தண்டனைக்கும் இடையே உள்ள வித்தியாசம், அதாவது 3 நிமிடத்தை மட்டும் உடனே ஓட விடுகிறார்கள், மேஜர் மாதிரியே, கோலுக்கு முடியாதபடி. விதிப் புத்தகத்தில் மிக நியாயமான வரிகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

கூடுதல் நேரம் இன்னொரு விதம். 2015-16 முதல் வழக்கமான பருவ ஆட்டங்களில் அது மூன்றுக்கு மூன்று. எந்த அணியும் மூன்றுக்குக் கீழே போகக் கூடாது. எனவே சிவப்பு தவறு செய்தால் சிவப்பைக் குறைக்காமல் நீலத்துக்கு ஓர் ஆளைக் கூட்டுகிறார்கள். தண்டனை முடிந்து சிவப்பு வீரர் திரும்பினால் நாலுக்கு நாலு. அடுத்த விசிலில்தான் மறுபடி மூன்றுக்கு மூன்று.

2024 ஜனவரியில் தொடங்கிய வட அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் புதிதாக ஒன்றைச் சேர்த்தது: ஆள் குறைந்த அணி கோல் போட்டாலும் அதன் மைனர் முடிந்துவிடும். அங்கே ஆள் கூடுதலாக இருக்கும் அணி பக்கை அலட்சியமாக இழந்தால், ஒரு கோலோடு பவர் பிளேயும் சேர்ந்து போய்விடும்.