தமிழ்த் தலைப்பு: வினை வருமுன் திரை வெட்டிவிடும்

'ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு சீரமைப்புப் பணி முடியும்வரை கனரக வாகனங்கள் செல்ல அனுமதி இல்லை.' எடுத்துக்காட்டுக்காக எழுதிய தலைப்பு இது. இலக்கணப் பிழை ஏதும் கிடையாது. அச்சு நாளிதழில் நான்கு பத்தி அகலத்துக்குப் போட்டால் எவருக்கும் விளங்கும். ஆனால் கைபேசியில் அறிவிப்பாக வரும்போது, இடம் தீர்ந்ததும் மென்பொருள் மிச்சத்தை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். 'செல்ல அனுமதி…' என்ற இடத்தில் வெட்டு விழுந்தால், அடிவாரத்தில் சரக்கு லாரியோடு நிற்கிற ஓட்டுநருக்குப் போய்ச் சேருவது நேர் எதிரான சேதி.

இணையத் தலைப்பு பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். வால் அறுந்தால் இடமோ நேரமோ போகும், அவ்வளவுதான். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். 'இல்லை', 'மாட்டாது', 'தடை', 'ரத்து' எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வால்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். செய்தியின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தரி விழுகிறது. தமிழில் தலைப்பு எழுதுகிறவர் முதலில் சமாளிக்க வேண்டியது இதைத்தான்.

மேலே சொன்ன தலைப்பை இப்படி மாற்றலாம்: 'ஏற்காடு மலைப்பாதை: கனரக வாகனத்துக்குத் தடை'. எங்கே, யாருக்கு, என்ன என்ற மூன்றும் ஐந்து சொல்லில் அடங்கிவிட்டன. மண்சரிவு, சீரமைப்பு, எத்தனை நாள் என்பவை கட்டுரையின் முதல் வரிக்குப் போகட்டும். வினைமுற்றுக்குப் பதிலாகத் 'தடை', 'திறப்பு', 'உயர்வு' போன்ற பெயர்ச்சொல்லை வைத்தால் அதை முன்னால் நகர்த்துவது எளிது.

ஊர்ப்பெயரை வேற்றுமை உருபு இல்லாமல் வைத்து, பக்கத்தில் முக்காற்புள்ளி இட்டதற்கும் காரணம் உண்டு. 'ஏற்காடு' உருபு ஏற்றால் 'ஏற்காட்டில்' ஆகும். 'சேலம்' 'சேலத்தில்' ஆகும். 'ஏற்காட்டில்' என்ற சொல்லுக்குள் 'ஏற்காடு' என்ற எழுத்துத் தொடர் கிடையாது. பெரிய தேடுபொறிகள் இதை ஓரளவு சமாளிக்கும். சிறிய இணையதளங்களின் உள்தேடல் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். 'ஏற்காடு' என்று தட்டுகிற வாசகருக்கு 'ஏற்காட்டில்' என்று எழுதிய கட்டுரை அகப்படாமலே போகலாம்.

எத்தனை எழுத்து இருக்கலாம்? எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கூகுள் தேடல் முடிவில், கணினித் திரையில், தலைப்புக்குக் கிடைக்கும் இடம் சுமார் 600 பிக்சல் (திரைப் புள்ளி) அகலம். வெட்டு விழுவது அகலத்தைப் பொறுத்து. தமிழில் 'ர', 'ப' ஒடுங்கியவை; 'ணை', 'ஞ', 'ளை' இடத்தை விழுங்குபவை. ஒரே எண்ணிக்கையில் எழுத்துள்ள இரண்டு தலைப்புகளில் ஒன்று முழுதாகத் தெரிய, இன்னொன்று அறுந்து நிற்கலாம். ஆறு ஏழு சொல்லுக்குள் நிறுத்தி, சிறிய கைபேசி ஒன்றில் திறந்து பார்ப்பதே நம்பகமான வழி.

கணினியின் எண்ணிக்கையும் நம் எண்ணிக்கையும் வேறு. 'சேலம்' நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் (யூனிகோட்) ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறிகள். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். மூன்றெழுத்துச் சேலம் 45 எழுத்தாகிவிடும்!

இணையதளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், இயல்பான அமைப்பில், முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதிக்கு 200 எழுத்துதான் ஒதுக்குகிறது. ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து என்பதால் 22 தமிழ்க் குறிகளோடு இடம் முடிந்தது. மலைப்பாதைத் தலைப்பை அப்படியே விட்டால் முகவரி 'ஏற்காடு-மலைப்பாதை-கனரக-வ' என்று அறுந்து நிற்கும். 'தடை' எல்லைக்கு வெளியே போய்விடும். வெட்டு உயிர்மெய்க்கு நடுவிலும் விழும் என்பதால் 'அணை' 'அண' ஆகலாம். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில், நான்கைந்து சின்னச் சொற்களாக, வெளியிடும் முன்பே கையால் தட்டச்சு செய்துவிடுவது நல்லது. வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் முறியக்கூடும்.

இனி வாசகரின் கண். கூர்மையாகப் பார்க்கும் விழித்திரைப் பகுதி சுமார் 2 பாகை அகலத்தைத்தான் பிடிக்கும். 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த கைபேசியில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு, ஏறக்குறைய கட்டைவிரல் நகத்தின் அகலம். கண் ஓரிடத்தில் கால் நொடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவும். பட்டியலாக அடுக்கிய தலைப்புகளில் பலர் ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு சொல்லை மட்டும் தொட்டுவிட்டுக் கீழே போகிறார்கள். அந்த முதல் இடத்தில் 'பரபரப்பு', 'அதிர்ச்சி', 'இதோ' வைப்பவர் தன் கையில் இருக்கும் ஒரே நல்ல இடத்தை வீணாக்குகிறார்.

ஆர்வம் எப்போது எழும்? ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளியல் உளவியலாளர் 1994இல் ஒரு விளக்கம் தந்தார். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் அது உறுத்தும். அந்த உறுத்தல்தான் ஆர்வம். இடைவெளி தெரிய வேண்டுமானால் ஒரு கரையாவது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'ஏற்காட்டில் நடந்த அதிசயம்' என்பதில் எந்தக் கரையும் இல்லை. 'காபிப் பூ: கோடை மழைக்குப் பத்தே நாளில் தோட்டம் வெளுப்பது எப்படி?' என்று கேளுங்கள். சேர்வராயன் மலையில் அந்த வெள்ளையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். காரணம் தெரிந்தவர்கள் குறைவு. வறட்சியில் உறங்கிய மொட்டுகள் முதல் நல்ல மழையில் ஒன்றாக விழித்து, எட்டுப் பத்து நாளில் சேர்ந்தே மலர்கின்றன என்ற விடை கட்டுரைக்குள் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு உள்ளே விடை இருந்தால்தான் அது நேர்மையான தலைப்பு.

ஆனால் எல்லாக் கேள்வியும் இப்படிச் சாதுவானது இல்லை. 'ஜவ்வரிசியில் பிளாஸ்டிக்கா?' என்று தலைப்பிட்டு, உள்ளே 'இல்லை' என்று எழுதினால் கணக்கு நேராகிவிடாது. உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒருவரைப் பற்றிக் குற்றச்சாட்டாக எழுதிய தலைப்பும், அதையே கேள்வியாக மாற்றிய தலைப்பும் வாசகர் மனத்தில் ஏறக்குறைய ஒரே அளவு கறையைப் பூசின. சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடுகிறவர்களும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்களும் அந்தக் கேள்விக்குறிக்கு விலை கொடுக்க நேரும். 'ஜவ்வரிசி வெந்தால் கண்ணாடிபோல் ஆவது ஏன்?' என்று தொடங்கி, மரவள்ளி மாவுச்சத்து 60 முதல் 70 டிகிரி செல்சியசில் நீரை உறிஞ்சி உப்பி ஒளிபுகும் களியாவதைச் சொன்னால், அதே சந்தேகம் யாரையும் குற்றவாளியாக்காமல் தீரும்.

உள்ளே சரியாக எழுதியிருக்கிறோமே என்ற சமாதானமும் செல்லாது. உளவியலாளர் உல்ரிக் எக்கரும் குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திசைதிருப்பும் தலைப்பைப் பார்த்தவர்கள் முழுக் கட்டுரையைப் படித்த பிறகும் தலைப்பின் சாய்வோடுதான் அதை நினைவில் வைத்திருந்தனர். 'மேட்டூர் அணை நிரம்பியது: சேலத்துக்கு வெள்ள எச்சரிக்கை' என்று எழுதினால், காவிரிக் கரையில் இல்லாத சேலம் நகரம் பதறும், பதற வேண்டிய கரையோரச் சிற்றூர்களோ தங்கள் பெயர் இல்லையென்று இருந்துவிடும். மேட்டூர் தலைப்பில் எண்ணிலும் கவனம் வேண்டும். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி நீர் நின்றால் அணை பாதி நிறைந்தது என்று எழுதுவது பிழை: கீழே போகப் போக அணையின் வயிறு குறுகுகிறது, பாதி உயரத்தில் பாதிக்கும் வெகு குறைவாகவே தண்ணீர் இருக்கும்.

பயமுறுத்தும் சொல்லுக்குப் பலன் இல்லாமல் இல்லை. அப்வொர்தி என்ற அமெரிக்க இணையதளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை ஆராய்ந்து 2023இல் வந்த முடிவு: சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்கு விகிதம் (தலைப்பைப் பார்த்தவர்களில் சொடுக்கித் திறப்பவர்களின் பங்கு) இருந்ததைவிட 2.3 சதவீதம் கூடுகிறது. நூறு பேர் வரும் இடத்தில் நூற்றிரண்டு பேர். அந்த இரண்டு பேருக்காக உள்ளூர் வாசகரின் நம்பிக்கையைத் தோற்பது கட்டுப்படியாகாது.

சுருக்கும்போது உருபை விழுங்கும் பழக்கமும் கெடுதல். 'காட்டெருமை விரட்டிய தொழிலாளி' – விரட்டியது யார்? 'காட்டெருமையை' என்று ஓர் 'ஐ' சேர்த்தால் ஒரு பொருள். 'காட்டெருமை துரத்தியதில் தொழிலாளி காயம்' என்றால் மற்றது. இடம் மிச்சம் பிடிக்கப் பெயரடையை வெட்டுங்கள், உருபில் கை வைக்காதீர்கள்.

இரண்டு தலைப்பைப் பாதிப் பாதி வாசகருக்குக் காட்டி ஒப்பிடுவதாக இருந்தால், சொடுக்கு விகிதம் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனதை ஓரளவு உறுதியாகச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,300 பார்வை வேண்டும். நாளுக்கு ஐந்நூறு பேர் வரும் தளத்தில் ஒரு மாலைக்குள் 'இதுதான் வென்றது' என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

கடைசியாக, 'இன்று', 'நாளை'. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும் நேரத்தில் எந்தத் தலைப்பு இருந்ததோ அதுவே முன்னோட்டமாகச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு பயணமாகும். தளத்தில் நீங்கள் பிறகு திருத்தினாலும் ஏற்கெனவே போன முன்னோட்டம் மாறாது. 'இன்று முதல் தடை' பாதை திறந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் குழுவுக்குக் குழு தாவிக்கொண்டிருக்கும். 'ஏற்காடு மலைப்பாதை: நவம்பர் 14 வரை லாரிகளுக்குத் தடை' என்றால் எந்தத் தேதியில் கையில் கிடைத்தாலும் அடிவாரத்து ஓட்டுநர் வண்டியை மலையேற்றலாமா, ஏற்காட்டுக்கான மாற்றுப் பாதையான குப்பனூர் வழியை விசாரிக்கலாமா என்று முடிவு செய்துகொள்வார்.