எண்ணெயில் மின்னிய பொன் பொடி

சென்ற ஆண்டு என் மைத்துனனின் கார் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ‘டக் டக்’ என்று உள்ளிருந்து தட்ட ஆரம்பித்தது. ஐந்து வயதுக் கார்தான். இழுவை வண்டி சின் மிங் பணிமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, டப்பாவை வெட்டி, உள்ளே மடித்திருந்த காகிதத்தை விரித்துக் காட்டினார். நகைப்பட்டறைத் தரையைக் கூட்டி அள்ளியதுபோல் பொன்னிறத்தில் பொடி மின்னியது. “பேரிங் போச்சு. எஞ்சினையே மாத்தணும்” என்றார்.

கார் விற்ற நிறுவனம், ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருக்க மாட்டீர்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அப்புறம்தான் அதே மாடல் காரில் அதே தட்டல் கேட்டவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பது தெரிந்தது. வாட்ஸ்அப்பில் கூடி, சேர்ந்து வழக்குப் போடலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். “அத்தான், நீங்க எஞ்சினியர்தானே? இது கம்பெனி தப்பா, என் தப்பான்னு சொல்லுங்க” என்றான்.

அந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். இரண்டையும் கனெக்டிங் ராட் இணைக்கிறது. ராட் கிராங்க்கைக் கவ்வும் இடத்தில் இருப்பது இரண்டு அரைவட்டத் தகடுகள். பேரிங் என்பது இதுதான். உருளைக் குண்டு எதுவும் கிடையாது. விரைவுச்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 முறை சுற்றினால், கிராங்க் நொடிக்கு 40 சுற்று சுற்றுகிறது. ஆனாலும் நல்ல எஞ்சினில் ஓடும்போது தகடும் கிராங்க்கும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. அது மிக ஒடுங்கும் இடத்தில் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். தலைமுடியோ ஐம்பது மைக்ரானுக்கும் மேல்.

இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்ற மேலே ஒரு துளை. அதன் வழியே எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையை வைத்து அடைத்தார், பிதுக்கித் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறக்கினார், அதுவும் மெல்ல மேலே ஏறி வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்மேல் இருந்த சராசரிச் சுமையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயை ஒடுங்கும் இடுக்குக்குள் தானே இழுத்துச் செல்கிறது. போக வழியில்லாத எண்ணெய் அச்சையே தூக்கிவிடுகிறது. ஈரச் சாலையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர்மேல் மிதக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான். 1886இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைய எஞ்சின்களும் அந்தச் சமன்பாட்டில்தான் வடிவமைக்கப்படுகின்றன.

சரி, ஓரிரு மைக்ரான் படலத்துக்குள் இருபது மைக்ரான் இரும்புத்துகள் வந்தால்? தகட்டின் மேல்பூச்சு வேண்டுமென்றே மென்மையாக இருக்கும். சிறு துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். துகள் பெரிதாகவோ நிறையவோ இருந்தால் பூச்சு கீறிப்போகும், அடியிலுள்ள செம்புக் கலவை வெளியே தெரியும். ஃபில்டரில் மின்னிய பொன் அதுதான். இடைவெளி கூடக்கூடப் படலம் நிற்காது. ராட் கிராங்க்கை அடிக்கும். அந்தத் தட்டல்தான் காதில் விழுகிறது.

ஃபில்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். எண்ணெய் பம்ப்பிலிருந்து ஃபில்டருக்குப் போகிறது. அதைத் தாண்டியபின் கிராங்க்குக்குள் துளைத்த குறுகிய வழிகளில் ஓடி ராட் பேரிங்கை அடைகிறது. தொழிற்சாலையில் அந்த வழிகளைத் துளைக்கும்போது உண்டான உலோகத் துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால், அது ஃபில்டருக்கு அப்பால் இருக்கிறது. முதலில் அது போய்ச் சேரும் இடமே பேரிங்தான். ஹியூண்டாய் 2015இல் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். டொயோட்டாவும் 2024இல் அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்சஸ் வண்டிகளை எஞ்சினுக்குள் தங்கிய கடைசல் துணுக்குகளைக் காரணமாகச் சொல்லி அழைத்தது. ஹியூண்டாய், கியா உரிமையாளர்கள் அங்கே சேர்ந்து தொடுத்த வழக்குகள் 2019இல் சமரசத்துக்கு வந்தன. பேரிங் கோளாறுக்கு ஆயுள்கால உத்தரவாதம் கிடைத்தது. கூடவே ஒரு மென்பொருளும் ஏற்றினார்கள். எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும், அதிர்வை உணரும் நாக் சென்சார், பேரிங் தேயத் தொடங்கும் அதிர்வையும் ஒட்டுக்கேட்டு ஓட்டுநரை எச்சரிக்கும். எனக்கு இதில் பிடித்தது அந்தச் சென்சார்தான்.

இனி யார் தப்பு என்பதற்கு வருவோம். கெட்ட எண்ணெயால் செத்த எஞ்சினும் துணுக்கால் செத்த எஞ்சினும் ஒரேமாதிரிதான் தட்டும். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. ஆயில் மாற்றாத எஞ்சினில் வால்வு மூடிக்கு அடியில் கறுப்பாக, தார்போலப் படிந்திருக்கும். தேய்மானம் எல்லா பேரிங்கிலும் பரவியிருக்கும். துணுக்கு செய்த வேலை என்றால் தகட்டில் சுற்றுப்போக்கில் கோடு கோடாய்க் கீறல், ஆங்காங்கே புதைந்த துகள், அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம். சில பேரிங்குகள் நாசமாகி, மற்றவை புதிதுபோல் இருக்கும். பழைய எண்ணெயைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால், அதை மிகுந்த சூட்டில் ஒளிரவைத்துப் பார்ப்பார்கள். செம்பு, ஈயம், இரும்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட அகப்பட்டுவிடும்.

ஒரு சிக்கல். முற்றிலும் அழிந்த பேரிங் நல்ல சாட்சி அல்ல. உருகி, இழுபட்டு, தன்மேல் இருந்த தடயத்தைத் தானே துடைத்துவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் பாதி பிழைத்திருக்கும் பேரிங்தான் உண்மையைப் பேசும். பழைய தகடுகளைக் காயலான் கடைக்குப் போடாதே, ராட் எண் எழுதி ஒவ்வொன்றையும் தனிப்பையில் வை என்று நான் மைத்துனனிடம் கத்தியது அதனால்தான்.

வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே கணக்குதான். முப்பது பேர் புலம்பினால் கோளாறு நிரூபணமாகிவிடாது. ஊரில் ஓடும் அந்த மாடல் அறுபது என்றால் அது பேரழிவு. மூவாயிரம் என்றால் நூற்றுக்கு ஒன்றுதான். ஸ்வீடன் பொறியாளர் வலோடி வெய்புல் 1951இல் விளக்கிய முறை இங்கே உதவும். எந்த எஞ்சின் எத்தனை கிலோமீட்டரில் போனது என்பதோடு, போகாதவை இதுவரை எவ்வளவு ஓடியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் போடவேண்டும். அதிலிருந்து கிடைக்கும் வடிவ எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பிறவிக் கோளாறு, ஒன்றை ஒட்டி இருந்தால் தற்செயல், மேலே போனால் தேய்மானம் என்பது பொதுவான கணிப்பு. தயாரித்த தேதியையும் எழுதவேண்டும். கெட்டவை எல்லாம் சில மாதத் தயாரிப்பில் குவிந்திருந்தால், முப்பது உரிமையாளரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளானார்கள் என்று யாரும் வாதாட முடியாது.

நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நம் ஊரில் பள்ளி, சந்தை, அலுவலகம் என்று எல்லாம் குட்டிப் பயணம். எண்ணெய் முழுதாகச் சூடாகுமுன் வண்டி நின்றுவிடும். எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச்செய்யும். மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தால் கிலோமீட்டர் மானி நகராது, எஞ்சின் மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கோளாறுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் சட்டம்’ 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே இருக்கிறது. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு முதலிலேயே இருந்ததாகக் கருதப்படும். பிறகு என்றால் வாங்கியவர்தான் நிரூபிக்கவேண்டும். ஐந்தாவது ஆண்டில் போன எஞ்சினுக்கு அந்தத் தகடுகள்தான் துணை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்பினால் 30,000. அமெரிக்கா போன்ற பெருங்குழு வழக்கு முறை இங்கில்லை. ஆனால் ஒரே நலன் உள்ள பலருக்காக அவர்களில் சிலர் வழக்காடலாம். ராஃபிள்ஸ் டவுன் கிளப் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு அப்படித்தான் 2005இல் ஆளுக்கு 3,000 வெள்ளி கிடைத்தது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் பொதுவாகத் தலையில் விழும். இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ், பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. பத்தாண்டுச் சான்றிதழில் பாதி மீதியிருக்க வண்டி படுத்தால், கோபம் எஞ்சின் விலையோடு நிற்குமா?

மைத்துனன் குழுவில் புதிதாக ஒரு செய்தி போட்டான்: கார் நன்றாக ஓடுகிறவர்களும் தயவுசெய்து சேருங்கள், கிலோமீட்டரையும் அடுத்த சர்வீஸில் வடிக்கும் எண்ணெயில் ஒரு சிறு குப்பியும் கொடுங்கள். ஈசூனிலிருந்து ஒரு பெரியவர் முதலில் பதில் எழுதினார்: “என் வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி, நான் எதுக்கு?”