இல்லாத வீட்டிலிருந்து வந்த குரல்கள்

'தி வால்டன்ஸ்' தொடரின் பகுதிகள் முடியும் விதம் அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். இரவில் வீடு வெளியிலிருந்து தெரியும், ஜன்னலில் விளக்கு எரியும். ஆள் யாரும் தெரிய மாட்டார்கள். "குட் நைட், ஜான் பாய்" என்று வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குரல் மட்டும் கேட்கும். ஜான் பாய் அந்த வீட்டின் மூத்த மகன். 1972 முதல் 1981 வரை சிபிஎஸ் டிவி நிறுவனம் ஒளிபரப்பிய குடும்பக் கதை அது. களம் வர்ஜீனியா மலைப்பகுதி, காலம் 1930களும் 40களும்.

ஆனால் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் படுக்கையறையே கிடையாது. கலிபோர்னியாவின் பர்பாங்கில், வார்னர் பிரதர்ஸ் வளாகத்தில் நின்றது வீட்டின் வெளித்தோற்றம் மட்டும்தான். அறைகளெல்லாம் தனியாக ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். சரி, அப்படியானால் குரல் வீட்டுக்குள்ளிருந்து வருவதாக நமக்கு ஏன் கேட்கிறது?

ஒலி வரும் திசையைக் காது நேரடியாக உணர்வதில்லை, மூளைதான் கணக்குப் போடுகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் துளி வித்தியாசத்தையும், இரு காதிலும் ஒலி அளவு மாறுவதையும் வைத்துத்தான் கணக்கு. கண் இதைவிடப் பல மடங்கு துல்லியம். அதனால் இரண்டும் முரண்படும்போது மூளை பெரும்பாலும் கண் பக்கம் சாய்கிறது. பொம்மை பேசுவதாக நம்மை நம்பவைக்கும் கலைஞரின் வித்தை இதுதான். அந்தக் காலத்து டிவிப் பெட்டியில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் திரைக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும். அப்படியும் நடிகரின் வாயிலிருந்துதான் பேச்சு கேட்டது.

கண்ணுக்கு எப்போதும் முதலிடம் என்றும் சொல்லிவிட முடியாது. டேவிட் அலைஸ், டேவிட் பர் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியோடு சேர்த்துக் காட்டிய ஒளிப்புள்ளியை நன்றாக மங்கலாக்கியதும் நிலைமை தலைகீழானது. அப்போது ஒலிதான் ஒளியைத் தன் பக்கம் இழுத்தது. எது அதிக நம்பகமோ அதற்கு மூளை அதிக மதிப்புக் கொடுக்கிறது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு மிகவும் பிடிக்கும். மூளை ஏமாறுகிறது என்று நாம் நினைப்பது உண்மையில் நல்ல கணிப்பு. குட் நைட் காட்சியில் இருட்டுக்கு நடுவே பளிச்சென்று தெரிவது ஜன்னல் வெளிச்சம் மட்டுமே. குரலைக் கொண்டுபோய் ஒட்டவைக்க வேறு இடமே இல்லை.

வெளியே ஒரு கதவில் நுழைந்தவர் உள்ளே செட்டில் வந்து நிற்கும் காட்சிகளில் வெளிச்சமும் ஒத்துழைக்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு நிற வெப்பநிலை; எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள் கூடும். பகல் வெளிச்சத்துக்கு அது சுமார் 5,600 கெல்வின், ஸ்டுடியோவின் டங்ஸ்டன் விளக்குக்கு 3,200. நம் கண் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும், ஃபிலிமுக்கு அது தெரியாது. டங்ஸ்டனுக்கான ஃபிலிமை வெயிலில் அப்படியே ஓட்டினால் எல்லாம் நீலம் பாய்ந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் போட்டுத்தான் ஈடுகட்டுவார்கள்.

அப்புறம், இந்தத் தொடரில் வீட்டோடு ஒட்டாத குரல் ஒன்றும் உண்டு. பெரியவனாகிவிட்ட ஜான் பாய் கதையை நினைவுகூரும் குரல் அது. பேசியவர் தொடரை உருவாக்கிய ஏர்ல் ஹாம்னர். வர்ஜீனியாவின் ஸ்கைலர் ஊரில் கழிந்த அவருடைய சொந்தப் பால்யம்தான் கதைக்கு மூலம். மைக்குக்கு அருகில் பேசிப் பதிவுசெய்யும் குரலில் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி அநேகமாக இருக்காது. எவ்வளவு தொலைவில் பேசுகிறார் என்று மூளை கணிக்க உதவுவதே அந்த எதிரொலிதான். அது இல்லாததால் குரல் கதைக்குள் எந்த அறையிலும் போய் உட்காராமல், நம் பக்கத்திலேயே இருந்து பேசுகிறது.