ஜன்னலோரத்துப் பிரிமுலாவும் விரல்நுனி அரிப்பும்

இங்கிலாந்தில் குளிர்காலம் முடியப்போகிறது என்றாலே சூப்பர் மார்க்கெட் வாசலில் பிரிம்ரோஸ் என்ற பூச்செடித் தொட்டிகளை அடுக்கிவிடுவார்கள். விலையும் குறைவு, பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. தோல் மருத்துவரான நான் அதைத் தடுக்கப் போவதில்லை. தோட்டத்து மண்ணில் வளரும் சாதாரண பிரிம்ரோஸால் தோலுக்குத் தொல்லை வருவது மிக அரிது. பாதி நிழல், காயாத மண், சில வருடங்களுக்கு ஒருமுறை பூ ஓய்ந்ததும் தூரைப் பிரித்து நடுவது, இவ்வளவு செய்தால் போதும்.

எனக்குக் கவலை தருவது அதே பேரினத்தைச் சேர்ந்த பிரிமுலா ஒப்கோனிகா. சீனாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்தது. பெரிய வட்ட இலை, கொத்துக் கொத்தாகப் பூ. தொட்டியில் வைத்து வீட்டுக்குள் வளர்ப்பார்கள். இலையிலும் தண்டிலும் பூவின் அடியிலும் உள்ள மெல்லிய சுணைகளில் பிரிமின் என்ற பொருள் இருக்கிறது. 1927இலேயே இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நல்ல வெயில் கிடைக்கும் மாதங்களில் இதன் அளவு கூடும்.

முதலில் தொடும்போது ஒன்றும் ஆகாது. சிலருடைய உடல் மட்டும் அதை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். அப்புறம் லேசாகப் பட்டாலும் போதும், ஓரிரு நாள் கழித்து விரல்நுனிகளில் அரிப்பும் கொப்புளமும் வரும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் இமை வீங்கிவிடும். இவ்வளவு தாமதமாக வருவதால் யாரும் செடியைச் சந்தேகிப்பதில்லை. பழி சோப்பு மேல் விழும். முகம் வீங்கினால் அக்கி என்றுகூடத் தவறாக நினைப்பதுண்டு. ஸ்டீராய்டு களிம்பில் அடங்கும், செடியை மறுபடி தொட்டால் திரும்பும்.

"தோட்ட வேலை செய்வீர்களா?" என்று கேட்டால் "இல்லை டாக்டர்" என்பார்கள். ஜன்னலோரத் தொட்டியை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் "வீட்டுக்குள் என்ன செடி இருக்கிறது?" என்றுதான் கேட்பேன். தொடர்ந்து பூக்க வேண்டுமென்றால் வாடிய பூக்களைக் கிள்ளிவிட வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. சரிதான், ஆனால் வெறும் விரலால் கிள்ளும்போதுதான் பிரிமின் அதிகம் ஒட்டுகிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உறுதிப்படுத்த பேட்ச் டெஸ்ட் உண்டு. 0.01 சதவீத பிரிமினை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, அதற்கு ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்போம். நீங்களே இலையைக் கையில் தேய்த்துச் சோதிக்க வேண்டாம். இல்லாத ஒவ்வாமையை வரவழைத்துக்கொள்வீர்கள்.

ஒவ்வாமை உறுதியானால் செடி வீட்டைவிட்டுப் போக வேண்டும், அதையும் வேறொருவர் கையுறையோடு எடுத்துப் போட வேண்டும். புதிதாக ஒப்கோனிகா வாங்குகிறவர்கள் 'டச் மீ', 'லிப்ரே' போன்ற பிரிமின் இல்லாத ரகமா என்று லேபிளைப் பார்த்து வாங்கலாம்.

ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையையும் நிறுத்தணுமா என்று பலர் கேட்கிறார்கள். பெயர்தான் ஒன்று, அது வேறு குடும்பத்துச் செடி. இந்த ஒவ்வாமைக்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சிக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. எக்ஸிமாவுக்காகச் சாப்பிடுகிறவர்களிடம், இருக்கும் புட்டி தீர்ந்ததும் மறுபடி வாங்க வேண்டாம் என்பேன்.