பெரட்டுக் களமும் புரோசஸ் பட்டியலும்

அக்கா மகன் தன் பழைய மடிக்கணினி தவழ்கிறது என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் கொண்டுவந்தான். லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தது. எதெல்லாம் ஓடுகிறது என்று பார்க்க ‘டாப்’ கட்டளையைத் திறந்து, அரை விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வைத்தேன். அதிகம் உழைப்பவை மேலே வரும் அந்தப் பட்டியலின் மூன்றாவது வரியில் டாப் தானே வந்து நின்றது. பட்டியல் எடுக்கிற வேலையே இவ்வளவு பாரமா?

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதை வைத்துச் சொன்னால் உடனே புரியும். விடியுமுன் ஆட்கள் களத்தில் கூடுவார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார், எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். கால் மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. அதே கிராணி லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி விசாரித்தாலும் பட்டியல் கிடைக்கும். ஆனால் பால் வெட்டும் நேரம் போய்விடும்.

லினக்ஸில் டாப்பும், பட்டியலை ஒருமுறை மட்டும் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளையும் கதவு தட்டும் கிராணிகள்தான். ‘ப்ராக்’ என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு புரோசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதன் எண்ணிலேயே ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் ‘ஸ்டாட்’, ‘ஸ்டேட்டஸ்’, ‘சிஎம்டிலைன்’ என்று கோப்புகள். ஒவ்வொன்றையும் திறக்க, படிக்க, மூட மூன்று சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் மூன்று கோரிக்கை. 300 புரோசஸ், ஆளுக்கு மூன்று கோப்பு என்றால் 2,700 முறை கெர்னலுக்குள் போய்வர வேண்டும். சிஸ்டம் கால்களைக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ போட்டுப் பிஎஸ்ஸை ஓட்டிப் பாருங்கள்: திற, படி, மூடு என்ற வரிகள் மழையாகக் கொட்டும்.

எழுத்துக் கூலி வேறு. கெர்னல் தன்னிடமுள்ள எண்ணைப் பத்தடிமான எழுத்தாக்கித் தருகிறது. பிஎஸ் அதை மறுபடி எண்ணாக்கி, திரையில் காட்ட இன்னொரு முறை எழுத்தாக்குகிறது. ஸ்டாட் கோப்பில் 50க்கு மேற்பட்ட புலங்கள். நமக்கு வேண்டியது நாலைந்துதான்.

புரோசஸைத் தொடங்கிய கட்டளை வரியைத் தரும் சிஎம்டிலைன் இன்னும் மோசம். அந்தத் தகவல் கெர்னலின் ஏட்டில் இல்லை, அந்தந்தப் புரோசஸின் சொந்த நினைவகத்தில் கிடக்கிறது. அந்த நினைவகப் பகுதி வட்டுக்குத் தள்ளப்பட்டிருந்தால் அங்கிருந்து எடுத்து வரும்வரை பிஎஸ் காத்து நிற்கும். நினைவகம் குறைந்த பழைய கணினியில் இது நன்றாகவே உறைக்கும்.

ஆனாலும் ப்ராக்கை நான் குறை சொல்ல மாட்டேன். புரோசஸைக் கோப்பாகக் காட்டும் யோசனையை, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1984இல் முன்வைத்தவர் டாம் கில்லியன். அதற்கு முன் பிஎஸ் கெர்னல் நினைவகத்தையே நேராகத் துழாவியது. கெர்னலின் உள்ளமைப்பு மாறினால் பிஎஸ்ஸையும் புதிதாகக் கட்ட வேண்டும். எழுத்துக் கோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசியில் ஒரு புலத்தைச் சேர்த்தாலும் பழைய நிரல்கள் பிழைத்துக்கொள்ளும்.

பெரட்டு முறையும் இருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் ‘சிஸ்சிடிஎல்’ என்ற ஒரே அழைப்பு எல்லாப் புரோசஸையும் ஒரு கட்டாகத் தருகிறது. இதில் ஒரு சிக்கல்: எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் கேட்டு, இடம் ஒதுக்கித் திரும்புவதற்குள் புதிய புரோசஸ்கள் பிறந்திருக்கும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்க வேண்டும், போதாவிட்டால் மறுபடி கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வடிவம் கெர்னல் நிரலாளர் ஆண்ட்ரே வாகின் 2015இல் லினக்ஸுக்கு முன்வைத்த ‘டாஸ்க் டயாக்’. எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று சொன்னால், அதை மட்டும், எழுத்தாக்காமல், இருமக் கட்டாகத் தரும். மைய லினக்ஸில் அது சேராமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

எந்த வழியில் எடுத்தாலும் பட்டியல் கைக்கு வரும்போதே பழசாகிவிடும். 1423 என்ற புரோசஸை நிறுத்தலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்குள் அது முடிந்து, அந்த எண் வேறொன்றுக்குப் போயிருக்கலாம். எண்ணோடு, புரோசஸ் தொடங்கிய நேரத்தையும் ஒப்பிட்டால் ஆள் மாறியது தெரியும். 2019இல் லினக்ஸில் வந்த ‘பிஐடிஎஃப்டி’ என்ற வசதி இன்னும் உறுதியானது: அது எண்ணைப் பிடிப்பதில்லை, ஆளையே பிடித்துக்கொள்கிறது.

மடிக்கணினியில் ‘டி’ விசையை அழுத்தி இடைவெளியை வழக்கமான மூன்று விநாடிக்கே மாற்றினேன். டாப் கீழே இறங்கியது. மேலே உலாவி நின்றது, நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு.