கடலோரத்தில் மரக்குடில் கட்டலாமா? விதி சொல்வது என்ன

"மரத்தில் போடுவதுதானே, வேண்டாம் என்றால் நாளைக்கே பிரித்துவிடலாம், இதற்கு எதற்கு அனுமதி?" கடற்கரையில் சூழல் சுற்றுலாக் குடில் போட நினைப்பவர்கள் பலரும் கேட்பது இதுதான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் மரத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. கான்கிரீட்டோ தேக்கோ, எந்த இடம், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே கணக்கு.

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் 1991-லும் 2011-லும் வந்த அறிவிக்கைகளுக்குப் பிறகு, 2019 ஜனவரி 18 அன்று மத்திய அரசு புதிய அறிவிக்கையை வெளியிட்டது. ஆனால் ஒரு மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் அதன்படி திருத்தப்பட்டு ஒப்புதல் பெறும்வரை அங்கே 2011 விதிதான் செல்லும். "ஐம்பது மீட்டர் தள்ளினால் போதும் சார்" என்று நிலத் தரகர் சொன்னால், அது 2019 அறிவிக்கையின் கணக்கு; அந்த இடத்தில் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேட்டுத் தெளிய வேண்டும்.

அந்த ஐம்பது மீட்டருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. உயர் அலைக்கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தின்போது கடல்நீர் ஏறி வரும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதிகளின் எல்லை. விதிகள் கடலோரத்தைப் பல மண்டலங்களாகப் பிரிக்கின்றன; கிராமப்புறக் கடற்கரைகள் பெரும்பாலும் மூன்றாம் மண்டலத்தில் அடங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியில் முதல் 50 மீட்டரும், அதற்குக் குறைவான பகுதியில் முதல் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பட்டை. குடிலுக்குத் தோதான, ஆள் நடமாட்டம் குறைந்த கடற்கரை என்றால் அநேகமாக 200 மீட்டர்தான்.

அந்தப் பட்டைக்குள் எதுவுமே கூடாதா? கழிப்பறை, உடைமாற்றும் அறை, குடிநீர் வசதி, இருக்கைகள், சிறு கொட்டகை போன்ற தற்காலிக வசதிகளுக்கு இடம் உண்டு. அவையும் உயர் அலைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டத்தின் சுற்றுலாப் பகுதியில் இடம்பெற்றிருக்கவும் வேண்டும். இரவு தங்கும் அறை அந்தப் பட்டியலில் இல்லை. அலையாத்திக் காடு, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை முதல் மண்டலம். அங்கே மரத்தின் மேல் அமைக்கும் குடிலுக்கும் நடைபாதைக்கும் வழி இருந்தாலும், பொதுமக்கள் கருத்துக் கேட்புடன் தயாரான சூழல் சுற்றுலாத் திட்டம் அந்த இடத்தைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். தனி ஆள் தன் விருப்பத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது.

தடைப் பட்டையைத் தாண்டிய நிலத்தில் தங்கும் விடுதிக்கான நிபந்தனைகள் அறிவிக்கையின் மூன்றாம் இணைப்பில் உள்ளன. குடிலின் வடிவத்தை உண்மையில் தீர்மானிப்பவை இவைதான். மனை 0.4 ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனையில் 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உயரம் 9 மீட்டர், அதிகபட்சம் இரண்டு தளம். இந்த 9 மீட்டர் கூரையின் உச்சிவரை அளக்கப்படுவது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கால் நட்டு, மேலே இரண்டு தளமும் செங்குத்தான ஓலைக் கூரையும் வரைந்தால் அளவு இடிக்கும். ஒரே தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

மணல்மேட்டைச் சமன்படுத்தவே கூடாது. தூண் கால்களின் மேல் நிற்கும் மரக்குடில் இங்கேதான் கைகொடுக்கிறது. அடித்தளத்துக்கு வேண்டிய குழிகளை மட்டும் தோண்டினால் போதும். அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் கட்டிப்பிடித்திருக்கும் மணல் கலையாது, வெள்ளம் வந்தாலும் அடியில் ஓடிவிடும். ஆணி, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், உப்புக் காற்று சாதாரண இரும்பை விட்டுவைக்காது.

பலர் தடுமாறுவது தண்ணீரில். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் விடுதிக்கென நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரை நிலத்தடி நீர் அமைப்பின் இசைவு வேண்டும். தாளில் கணக்குப் போட்டால், ஒரு ஏக்கர் மனையில் 40 சதுர மீட்டர் குடில்கள் முப்பதுக்கு மேல் வரும். அத்தனை பேருக்கும் குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு, அப்புறம் வரைபடம் போடலாம். சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலிலோ மணலிலோ விடவும் தடை.

விதியை மீறினால் அபராதத்தோடு போய்விடும் என்ற நினைப்பும் வேண்டாம். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் உள்ள நெடியதுருத்து தீவில் 54 வில்லாக்களுடன் எழுந்த உல்லாச விடுதியை இடிக்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் இடிப்பு வேலை தொடங்கியது.

விண்ணப்பத்துடன், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் உயர் அலைக்கோடும் தாழ் அலைக்கோடும் குறித்துத் தயாரித்த 1:4000 அளவு வரைபடம் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமத்தின் பார்வைக்குப் போய், பிறகு மாநிலக் குழுமத்துக்குச் செல்லும். முதல் மண்டலம் என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரை போக வேண்டும்.

மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் முகப்பையும் மாற்றாமல், அதையே பயணிகள் தங்கும் இல்லமாக நடத்த அறிவிக்கை இடம் தருகிறது. சொந்த வீடு இருப்பவர் புதுக் குடிலுக்கு அலைவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது பணத்துக்கும் நேரத்துக்கும் நல்லது.